கேட்கும் கல்

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஆறுச்சாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சோறு முடிந்து பெண்கள் வாசலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் தொங்கும் பள்ளிக்கூட அட்டையுமாக, சேறு படாமல் கல்லுக்குக் கல் தாவி வந்து நின்றார்.

"ஏனுங்க, ரேணுகாங்கறவங்க ஊடு எதுங்க?"

"எந்த ரேணுகா? கொழுந்து ரேணுகாவா, கோழி ரேணுகாவா?" என்றாள் தபித்தாள்.

"எஸ்டேட்ல பரிசு வாங்குனவங்க."

"அப்ப கொழுந்து ரேணுகா. என்னா, குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

தபித்தாள் அதே பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்ப்பவள். ஆறுச்சாமி அங்கே ஆபீஸில் இருப்பவர், அன்னூர்ப் பக்கத்து ஆள். இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம். பழகியவர்களிடம் தபித்தாள் இப்படித்தான் பேசுவாள்.

ரேணுகா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றாள். நாற்பத்தேழு வயது. கார்ஸ்டன் எஸ்டேட்டில் போன வருஷம் அதிகக் கொழுந்து பறித்ததற்கு அவளுக்கு ஒரு பிரஷர் குக்கர் கொடுத்திருந்தார்கள். அதைத் தவிர அவளைத் தேடி வெளியாள் யாரும் வருவதற்குக் காரணம் இருந்ததில்லை.

"பள்ளிக்கூடத்துல நிறுவனர் நாள்னு ஒண்ணு வருசா வருசம் பண்றோமுங்க. இந்த வெள்ளிக்கிழமை வருது. அதுக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர்" என்றார் ஆறுச்சாமி.

உள்ளேயிருந்து அவள் புருஷன் சுரேந்திரனின் சிரிப்புக் கேட்டது. "யாரு, இவளா? ரேசன் கடையிலயே இவளுக்கு வாயி வராது."

"பேச வேண்டியதில்லீங்க. வந்து நின்னாப் போதும்."

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதன் தாய்ப் பள்ளி இங்கிலாந்தில் இருக்கிறது. தோர்ன்ஸ்பி பள்ளி என்று பெயர். நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பளி வியாபாரி தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. காலையில் வர வேண்டும், மாலையில் வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஒருவரும் அங்கே தங்கக் கூடாது என்பது அந்த வியாபாரி வைத்த நிபந்தனை. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறதாம். அதன் கிளையை ஊட்டியிலிருந்து சோலூர் போகும் வழியில், கார்ஸ்டன் எஸ்டேட்டின் மேல் டிவிஷனை விலைக்கு வாங்கிக் கட்டினார்கள். ஊட்டியில் தங்கிப் படிக்கிற பள்ளிகளுக்குக் குறைச்சல் இல்லை. இது பகல் பள்ளி, உங்கள் குழந்தை இரவில் உங்கள் வீட்டில்தான் தூங்கும் என்பதுதான் இவர்களுடைய விளம்பரமே. ஹோட்டல்காரர்கள், டாக்டர்கள், பங்களா வாங்கிக் குடியேறிய பெங்களூர்க்காரர்கள் ஆகியோரின் பிள்ளைகள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். மூன்றரை மணிக்குக் காலியாகிவிடும்.

மேல் டிவிஷன் போனபோது அதோடு சேர்ந்து லயத்துக்காரர்களின் மயானமும் போனது. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதை திறந்துதான் கிடந்தது. போன வருஷம் மாசி மாதம் பாலுவைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்தப் பாதையில்தான். பாலு ரேணுகாவின் ஒரே பையன். பத்தொன்பது வயது. பனி இறங்கிய சாயங்காலம் பைக்கில் வரும்போது வளைவில் டூரிஸ்ட் வேன் அடித்துவிட்டது. அந்த மயானத்தில் கடைசியாகப் புதைத்தது அவனைத்தான். அதற்குப் பிறகு செத்தவர்களுக்கெல்லாம் ஊட்டிக்கு வண்டி வைக்க வேண்டியதாயிற்று.

ஏனென்றால் ஆனி மாதம் சுவர் வந்துவிட்டது. ஆள் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. தேயிலைக் காட்டுப் பக்கமாக ஒரு சின்ன இரும்புக் கதவு வைத்து, அதையும் பூட்டினார்கள். ரேணுகாவும் சுரேந்திரனும் போய்க் கேட்டார்கள். குழந்தைகள் இருக்கிற நேரத்தில் வெளியாளை உள்ளே விட முடியாது, பாதுகாப்பு விதி என்றார்கள். சரி, மூன்றரைக்கு மேல் வருகிறோம் என்றார்கள். ஆள் இல்லாத நேரத்தில் வெளியாளை உள்ளே விட முடியாது, அதுவும் பாதுகாப்பு விதி என்றார்கள். ஆக, குழந்தைகள் இருந்தாலும் முடியாது, இல்லாவிட்டாலும் முடியாது.

சுவரால் தோட்டத்துக்கும் ஒரு கேடு வந்தது. அதை ஒட்டிய தேயிலை நிரைக்கு வெயில் போய்விட்டது. செடி குன்றிப்போய்க் கொழுந்து விடுவதே இல்லை. கால் வைத்தால் அட்டை. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் யாருக்கு எந்த நிரை என்று மேஸ்திரி பிரித்துக் கொடுக்கும்போது, லேட்டாக வந்தவளுக்கும் எதிர்த்துப் பேசியவளுக்கும் அந்தச் சுவரோர நிரை போகும். அதற்குப் பெயரே தண்டனை நிரை.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் ரேணுகா.

ஆறுச்சாமி பொறுமையாக விளக்கினார். "தாய்ப் பள்ளிக்கு ஒரு காலத்துல பெரிய நன்கொடை குடுத்தவரு ஒரு தேயிலைத் தோட்டக்காரருங்க. சிலோன்ல ஏகப்பட்ட எஸ்டேட் வெச்சிருந்தாராமா. அந்தப் பணத்துலதான் அங்க பெரிய ஹாலு கட்டியிருக்காங்க. இப்ப அங்க படிக்கற பசங்களே கேக்கறாங்களாம், கொழுந்து பறிச்சவங்கள்ல ஒருத்தரையாச்சும் மேடையேத்தியிருக்கீங்களான்னு. அதனால இந்த வருசம் உங்களைக் கூப்பிடச் சொல்லி அங்கிருந்து உத்தரவு."

"சிலோன்ல எங்க தாத்தா பறிச்சதுக்கு இங்க எனக்கு மாலையா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களே."

"சால்வை உண்டா சார்?" என்றாள் தபித்தாள்.

"உண்டுங்க."

"நல்ல சால்வையா, போன வருசம் அந்த மில்லுக்காரருக்குப் போட்டீங்களே அந்த மாதிரி வலை வலையா இருக்குமா?"

ஆறுச்சாமி அதைக் காதில் வாங்காமல் ரேணுகாவிடம் திரும்பினார். "ஒரே ஒரு வேலைதானுங்க அம்மணி. அங்க ஒரு கல்லு இருக்குது. தாய்ப் பள்ளியோட பழைய வாசப்படி. அதுல ஒரு பாதியை வெட்டிக் கப்பல்ல கொண்டாந்து கொடிமரத்துக்குக் கீழ பதிச்சிருக்கோம். விருந்தாளி அதும்மேல ஏறி நின்னு ஹெட்மாஸ்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவரு குடுத்தேன்னு சொல்லுவாரு. அவ்வளவுதான், கீழ எறங்கிரலாம்."

"என்னா கேக்கணும்?"

"பசங்களுக்கு அரை நாள் லீவு. அந்தக் காலத்துல பிரபு வீட்டம்மா ஒருத்தங்க வாசப்படில நின்னு, இன்னிக்குச் சந்தைக்குப் போய்ப் பாக்கட்டும், பசங்களை விடுங்கன்னு கேட்டாங்களாம். அன்னிலிருந்து இருக்கற பழக்கமுங்க. நானூத்தம்பது வருசத்துல அந்தக் கல்லும்மேல நின்னு கேட்டவங்களுக்கு ஒரு தடவகூட இல்லேன்னு சொன்னதில்லை. சண்டைக் காலத்துலகூட."

சொல்லும்போது அவர் குரலில், அது ஏதோ தன் பாட்டன் செய்து வந்த தர்மம் போல ஒரு பெருமை இருந்தது.

ரேணுகாவின் கை சீப்பை இறுக்கிப் பிடித்தது. "ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட."

"என்ன கேட்டாலும் குடுத்துருவாரா?"

ஆறுச்சாமி சிரித்தார். "கேக்கறது ஒண்ணுதானுங்களே" என்றார். அவர் அதோடு பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்தார். கல்லுக்குக் கல் தாவித் திரும்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தபித்தாள் நெருங்கி உட்கார்ந்தாள். "ஏ ரேணுகா. போன வருசம் அந்த மில்லுக்காரரு அரை நாள் லீவோட நிறுத்தலை தெரியுமா. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐஸ்கிரீமும் வேணும்னாரு, சிரிச்சுக்கிட்டே. ஹெட்மாஸ்டர் தொரையும் சிரிச்சுக்கிட்டே சரின்னாரு. நான் சும்மா வெளையாட்டுக்குன்னு நெனச்சேன். மறுநா காலையில வண்டி வந்து நிக்கிது, ஐஸ்கிரீம் வண்டி. நானே ரெண்டு தின்னேன்."

"நெசமாவா?"

"கர்த்தர் சத்தியமா. கல்லு மேல நின்னு கேட்டுட்டா அவங்களுக்கு வேற வழியில்ல. இல்லேன்னு சொன்னா நானூறு வருசப் பேரு போயிரும்ல?"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் லயம் முழுவதும் விஷயம் பரவிவிட்டது. ஒருத்தர் தண்ணீர்க் குழாய் கேட்கச் சொன்னார். மூக்கம்மா, தன் பேத்திக்கு அங்கே ஒரு ஸீட் கேட்டுவிடு, தாயே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சுரேந்திரன் இரவுச் சோற்றைப் பிசைந்தபடி, "டிரைவர் வேல கேளு. ஃபேக்டரிப் புகையில இன்னும் எத்தன நாளைக்குச் சாவேன்?" என்றான்.

"நான் கதவைக் கேக்கப் போறேன்."

அவன் பிசைவதை நிறுத்தினான்.

"அடுத்த ஞாயித்துக்கிழம அவனுக்கு வருசத் திதி" என்றாள். "முத வருசம். அவனப் பொதைச்ச மேட்டுல வெளக்கு வைக்கணும். வெள்ளிக்கிழம கேட்டா ஞாயித்துக்கிழமைக்குள்ள தெறந்திருப்பாங்க."

"கேட்டுத்தான் பாத்தமே."

"அப்பத் தரையில நின்னு கேட்டோம்."

சுரேந்திரன் மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினான். டிரைவர் வேலையைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஆறுச்சாமி வந்து ஒத்திகை பார்த்தார். அவள் சொல்ல வேண்டியதைத் தமிழிலேயே சொல்லலாம், தான் இங்கிலீஷில் சொல்லிவிடுவேன் என்றார். "ஐயா, இந்தப் பிள்ளைகளுக்கு அரை நாள் விடுமுறை தர வேண்டும்" என்று அவளைப் பத்து முறை சொல்லச் செய்தார். ரேணுகா பத்து முறையும் பிசகாமல் சொன்னாள். பிசகாமல் சொல்கிறவள் வேறொன்று கேட்பாள் என்று அவர் எப்படி நினைப்பார்?

வெள்ளிக்கிழமை காலையில் பனி விலகவில்லை. கொடிமரத்தின் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் கோடு போட்ட டை கட்டி வரிசை வரிசையாக நின்றார்கள். யாருக்கும் புரியாத பழைய பாஷையில் பள்ளிப் பாட்டைப் பாடினார்கள். லயத்திலிருந்து சுரேந்திரனும் இன்னும் நாலு பேரும் வந்து பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். தபித்தாள் துடைப்பத்தைத் தூணுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு நின்றாள்.

ஹெட்மாஸ்டர் ஹால்வெல் தாய்ப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே வாத்தியாராக இருந்து, இங்கே அனுப்பப்பட்டவர். நரைத்த தாடி, கறுப்பு அங்கி. நல்ல மனுஷன் என்றுதான் தபித்தாள்கூடச் சொல்வாள். கூட்டுகிறவளைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வார். அவர் தானே வந்து ரேணுகாவுக்குச் சால்வை போர்த்தி, கையைக் காட்டிக் கல்லிடம் அழைத்துப் போனார்.

சாம்பல் நிறக் கல். நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. எத்தனையோ பிள்ளைகள் மிதித்து மிதித்து வந்த குழிவு. ரேணுகா அதன் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஒரு விரலால் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் ஏறினாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. போட்டோக்காரர் குனிந்து அவள் கால்களைப் படம் எடுத்தார். உள்ளங்காலில் பனி மாதிரி ஏறியது குளிர்.

"ஐயா" என்றாள். மைக்கில் தன் குரலைக் கேட்டு ஒரு கணம் பயந்தாள். "எம்மவன் பாலு அந்தச் செவத்துக்கு இந்தப் பக்கம் பொதைஞ்சு கெடக்கான். எங்க சனம் எல்லாம் அங்கதான் கெடக்கு. கதவு பூட்டிக் கெடக்கு. அதத் தெறந்து விடணும் ஐயா. அவ்வளவுதான் நான் கேக்குறது."

ஆறுச்சாமியின் வாய் பாதி திறந்து நின்றது. ஹாஃப் ஹாலிடே என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தமிழ் தெரிந்த டீச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் சுரேந்திரன் எழுந்து நின்றிருந்தான். ஆறுச்சாமி அவனைப் பார்த்தார், ரேணுகாவின் செருப்பைப் பார்த்தார், பிறகு அவள் சொன்னதை ஒன்றும் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். ஒரு வார்த்தையை மாற்றிவிட்டிருந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் சுலபமாகப் போயிருக்கும். அவர் மாற்றவில்லை.

ஹெட்மாஸ்டர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு பேசினார். ஆறுச்சாமி கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்: "இந்தக் கல்லின் மேல் நின்று கேட்கப்பட்ட எதுவும் இதுவரை மறுக்கப்பட்டதில்லை. இதைவிட நியாயமான ஒன்று இதன் மேல் நின்று கேட்கப்பட்டதும் இல்லை." பிறகு ஹெட்மாஸ்டர் குரலை உயர்த்தி, பழக்கப்படி, கொடுத்தேன் என்பதை ஒற்றைச் சொல்லாகச் சொன்னார்: "கிராண்டட்!"

பிள்ளைகள் தொப்பியை வீசி எறிந்து கூச்சல் போட்டார்கள். கூச்சல் அடங்கும்போது முன்வரிசையில் ஒரு சிறுமி பக்கத்தில் நின்ற டீச்சரிடம் கேட்டது தெளிவாகவே விழுந்தது. "அப்போ எங்களுக்கு லீவு?"

டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள். கேட்பது ஒன்றுதான். அது முடிந்துவிட்டது. வரிசை வரிசையாக ஒரு முனகல் பரவியது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ரேணுகாவைப் பார்த்து முறைத்தான். அவள் அதைக் கவனிக்கவில்லை. இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, தூணோரம் நின்ற தபித்தாளைத் தேடினாள்.

"சொன்னேன்ல" என்றாள் தபித்தாள். அவளுக்கே கண் கலங்கியிருந்தது. "ஐஸ்கிரீம் குடுத்தவங்க கதவு குடுக்க மாட்டாங்களா?"

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. வாட்ச்மேன் விஜயன் சாவியோடு வந்து இரும்புக் கதவைத் திறந்தான். கூடலூர்ப் பக்கத்து மலையாளி. துருப்பிடித்த கீலை அசைக்க எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. போட்டோக்காரர் கேட்டுக்கொண்டபடி ரேணுகா வெளியே போய், மறுபடி உள்ளே வந்தாள். இரண்டு தரம் வந்தாள்.

மயானம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் வெள்ளைக் கயிறு கட்டி, அமைதி காக்கவும் என்று இங்கிலீஷில் பலகை வைத்திருந்தார்கள். சில்வர் ஓக் மரத்தை வைத்துத்தான் பாலுவின் மேட்டைக் கண்டுபிடித்தாள். அதைச் சுற்றி அவளும் சுரேந்திரனும் சுண்ணாம்பு அடித்து வைத்த கற்கள் இல்லை. கொஞ்சம் தள்ளி நீலப் பூச்செடிப் பாத்திக்குக் கரை கட்டியிருந்தது அந்தக் கற்களால்தான். சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.

சுரேந்திரன் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தான். "கல்லைக்கூட விடலை பாரு."

"விடுங்க. அதுதான் தெறந்தாச்சே. எடுத்து வச்சுக்கலாம்."

இரண்டு பேருமாகக் கற்களைப் பெயர்த்து வந்து மேட்டைச் சுற்றி மறுபடி அடுக்கினார்கள். ரேணுகா முளைத்திருந்த களையைப் பிடுங்கினாள். வேலை செய்துகொண்டே அவனோடு பேசினாள். குக்கர் வாங்கினதைச் சொன்னாள். அவனுடைய பைக்கை இன்னும் விற்கவில்லை என்று சொன்னாள்.

"வீட்டுக்குப் போயி வெளக்கு எடுத்தாரட்டா?" என்றான் சுரேந்திரன். "வந்ததே வந்தோம்."

"இன்னிக்கு எதுக்கு? திதி ஞாயித்துக்கிழமதான. குளிச்சு, சுத்தமா, அவனுக்குப் பிடிச்ச ரொட்டியும் மொளகா இடிச்ச கட்டச் சம்பலும் செஞ்சு கொண்டாந்து முறையா வச்சுருவோம்." மேட்டைத் தட்டிக்கொடுத்தாள். "ஞாயித்துக்கிழம வாரேன்டா."

மூன்றரைக்கு மணி அடித்தது. பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. ஆறுச்சாமி புல்லின் மேல் மெதுவாக நடந்து வந்தார். கையில் ஒரு பொட்டலம், அவளுக்கு வைத்திருந்த மத்தியானச் சாப்பாடு. அதை அவள் சாப்பிடவே வரவில்லை.

"முடிஞ்சுதுங்களா அம்மணி?"

"முடிஞ்சுதுங்க. ஞாயித்துக்கிழம காலையில வந்துருவோம்."

அவர் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஞாயித்துக்கிழமைங்களா?"

"திதிங்க."

"அது... அம்மணி, கல்லும்மேல நின்னு கேக்கறது அரை நாளைக்குங்க."

"என்னாது?"

"அதான் பழக்கம். அங்க என்ன கேட்டாலும் அரை நாளைக்குத்தான் குடுக்கறது. பன்னெண்டரைல இருந்து மூணரை வரைக்கும்."

சுரேந்திரன் கையில் இருந்த மண்ணை வேட்டியில் துடைத்தான். "கதவத் தெறக்கறதுல அரை நாளு ஒரு நாளு என்னாங்க கணக்கு?"

"ஹெட்மாஸ்டருகிட்ட நானும் கேட்டனுங்க. கேக்காம இல்ல." ஆறுச்சாமி யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "அவரும் வருத்தப்பட்டாரு. நான் கெட்ட மனசுல சொல்லலை, ஆனா இது என்னோட பழக்கமில்ல, பள்ளியோட பழக்கம், என்னால நீட்டவும் முடியாது குறைக்கவும் முடியாதுங்கறாரு. அடுத்த வருசம் வர்ற விருந்தாளி மனசு வெச்சு இதையே கேட்டா, மறுபடியும் தெறக்கலாம்னு..."

"ஐஸ்கிரீம்?" என்றாள் ரேணுகா.

"என்னங்க?"

"போன வருசம் ஐஸ்கிரீம் மறுநா வந்துச்சாம்ல?"

ஆறுச்சாமிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. "அது கல்லு குடுத்ததில்லீங்க. அந்த மில்லுக்காரரே வாங்கி அனுப்புனது" என்றார் மெதுவாக.

ரேணுகா எழுந்தாள். "அப்ப அஞ்சு நிமிசம் பொறுங்க. ஓடிப் போயி வெளக்கு எடுத்தாந்துர்றேன். இன்னிக்கே ஏத்திட்டுப் போயிர்றோம்."

லயம் கீழே, போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். சாவியோடு வந்து நின்ற விஜயன் ஆறுச்சாமியைப் பார்த்தான். ஆறுச்சாமி திரும்பிக் காலியான பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் குன்னூருக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

"பசங்க போய்ட்டாங்கல்லீங்க" என்றார். "ஆளில்லாத நேரத்துல..."

சுரேந்திரன் சிரித்தான். லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த அவனுடைய கேலிச் சிரிப்பு இல்லை அது. "ஆளில்லையா? அத்தன பேரு கெடக்காங்களே இங்க. பகல் பள்ளிக்கூடம்னு போர்டு போட்டிருக்கீங்க, ராத்திரி தங்குறது எங்க ஆளுங்கதான். எம்மவன் ஃபீஸ் கட்டாம ஒரு வருசமா தங்குறான் சார், ஆபீஸ்ல சொல்லீருங்க."

 ஆறுச்சாமி பொட்டலத்தை நீட்டினார். யாரும் வாங்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களுக்குப் பின்னால் கதவு வரை நடந்தார்.

வெளியே வந்ததும் ரேணுகா திரும்பி நின்றாள். விஜயன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"சேச்சி, நான் என்ன செய்யும்? எனிக்கும் பிள்ளைங்க இருக்கு."

"பூட்டுப்பா" என்றாள். "நீ ஏன் வருத்தப்படுற?"

எண்ணெய் போட்டிருந்ததால் கதவு இந்த முறை சத்தமே போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்து, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, எல்லாவற்றையும் தூக்கில் போட்டுக்கொண்டு போனாள். யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம், பாலு கிடக்கிற நேருக்கு ஏறத்தாழ இங்கேதான் இருக்கும் என்று சில்வர் ஓக்கின் உச்சியை வைத்துக் கணித்து, அங்கே விளக்கை வைத்தாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினாள், அணைத்தது. சுரேந்திரன் இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொண்டு, திரி முடிகிற வரை குந்தியிருந்தான். கை சுட்டது. எடுக்கவில்லை.

திங்கட்கிழமை தபித்தாள் வேலைக்குப் போனபோது, பாத்திக்குக் கரை இல்லாமல் மண் சரிகிறது என்று தோட்டக்காரர் அந்தக் கற்களை மறுபடி எடுத்துப் போய் நீலப் பூச்செடியைச் சுற்றி வைத்திருந்தார். தபித்தாள் அதை ரேணுகாவிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் விருந்தாளியை வெளியூரிலிருந்து கூப்பிடுவது, பேசுவதை முன்னதாகவே வாங்கிப் பார்ப்பது என்று டீச்சர்கள் பேசிக்கொண்டதையும் சொல்லவில்லை.

அதே காலையில், பெரட்டில், மேஸ்திரி வேலுமணி நிரை பிரித்துக்கொண்டிருந்தார். ரேணுகாவுக்கு எப்போதும் கொடுக்கிற நல்ல நிரை, ரோட்டோரம், வெயில் படுகிற இடம்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. விருந்தாளியம்மா இன்னிக்கு எதும்மேல ஏறி நிக்கப் போற?" கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"அந்தச் செவத்தோர நிரை. அதை எனக்குக் குடுத்துருங்க."

சிரிப்பு நின்றது. "எந்த நிரை? தண்டனை நிரையா?" என்றார் மேஸ்திரி. "உனக்கு என்ன பைத்தியமா? குக்கர் வாங்குன கை. அங்க போனா ஒரு நாளைக்குப் பாதிக் கூடைகூட வராது. காலெல்லாம் அட்டை."

"பரவால்ல."

"இன்னிக்கு மட்டுமா?"

"தெனமும்."

வேலுமணி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்த நிரையை யாரும் கேட்டு அவர் பார்த்ததில்லை. கொடுத்தால் சண்டை போடுவார்கள், அழுவார்கள், யூனியனுக்குப் போவேன் என்பார்கள்.

"எடுத்துக்க" என்றார். "எத்தன வருசம் வேணும்னாலும் வச்சுக்க. ஒருத்தியும் உங்கிட்டப் போட்டிக்கு வர மாட்டா."

ரேணுகா கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். சுவரோரம் ஈரம் காயாமல் இருந்தது. அணைந்துபோன விளக்கு நேற்று வைத்த இடத்திலேயே கிடந்தது. குன்றிய செடிகளில் தேடித் தேடிப் பறித்தாள். மத்தியானம் வரை கூடையின் அடி மறையவில்லை. மூன்றரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. பிள்ளைகளின் கூச்சல் எழுந்து, பஸ்களுக்குள் போய், சாலையில் இறங்கித் தேய்ந்தது. பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை.

அவள் காலில் ஏறியிருந்த அட்டையைப் பிய்த்துச் சுண்டி எறிந்துவிட்டு, அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.